பதினைந்து சதவீதம், எதில்?

பாடகர்களோ இசைக்குழுவினரோ ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து மேசையில் விரிக்கும்போது அவர்கள் விரல் நேராகப் போய் நிற்கும் இடம் ராயல்டி சதவீதம்தான். "பதினைந்து தருகிறார்கள், பரவாயில்லைதானே?" என்று கேட்பார்கள். கணக்கு பார்ப்பது என் தொழில். அதில் ஒரு பகுதி, இசைக் கலைஞர்களுக்கு அவர்களுடைய ராயல்டி அறிக்கையைப் படித்துப் பொருள் சொல்வது. கலைஞர் கைக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதை அந்தப் பதினைந்து தீர்மானிப்பதில்லை என்பது இத்தனை அறிக்கைகளைப் படித்ததில் எனக்கு உறுதியாகிவிட்டது. அது எந்தத் தொகையில் பதினைந்து, எத்தனை பிரதிகளுக்குக் கணக்கிடப்படும், அதிலிருந்து முதலில் எந்தெந்தச் செலவுகள் கழியும் என்பவைதான் தீர்மானிக்கின்றன. இவை முதல் பக்கத்தில் இருக்காது. இருபதாம் பக்கத்துக்கு மேல், சொல் விளக்கப் பகுதியில், பொடி எழுத்தில் இருக்கும்.

அடிப்படையை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் காதில் விழும் ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் சேர்ந்த பாடல் ஒன்று. அதை ஒருவர் பாடி, சிலர் வாசித்து, பதிவுசெய்த ஒலிப்பதிவு மற்றொன்று. முதலாவது இயற்றியவருக்கும் அவருடைய இசைப் பதிப்பாளருக்கும் உரியது. இரண்டாவதை மாஸ்டர் என்பார்கள். வழக்கமான ஒப்பந்தத்தில் அது இசை நிறுவனத்தின் சொத்து. அந்தப் பதிவு ஈட்டும் வருமானத்தில் பாடியவருக்குத் தரப்படும் பங்குதான் கலைஞர் ராயல்டி.

இந்தப் பங்கு எப்படிப்பட்ட இடத்தில் தொடங்கியது என்பதற்கு ஒரு சான்று. பிரிட்டனின் பீட்டில்ஸ் இசைக்குழு 1962-ல் இஎம்ஐ இசை நிறுவனத்துடன் செய்த முதல் ஒப்பந்தத்தில், இருபுறமும் பாட்டுள்ள ஓர் இசைத்தட்டுக்கு ராயல்டி ஒரு பென்னி. ஆளுக்கு ஒரு பென்னி அல்ல. நால்வருக்கும் சேர்த்து ஒரு பென்னி. அன்றைய நாணயக் கணக்கில் 240 பென்னி சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. பத்து லட்சம் தட்டுகள் விற்றாலும் நால்வருக்கும் சேர்த்து 4,166 பவுண்டுதான் வரும். மேலாளரின் பங்கும் அதிலிருந்தே போக வேண்டும். புகழ் ஏறிய பிறகு அவர்கள் பேரம் பேசி விகிதத்தை உயர்த்திக்கொண்டார்கள். பேரம் பேசும் அளவுக்குப் புகழ் ஏறாதவர்கள் முதலில் கையெழுத்திட்ட தாளோடு நின்றுவிட்டார்கள். இந்தத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் அவர்களுடைய வரலாறு.

தொடக்க காலத் தட்டுகள் அரக்கால் ஆனவை. கீழே விழுந்தால் நொறுங்கிவிடும். கடைக்குப் போகும் வழியில் பத்தில் ஒன்று உடைந்துபோகும் என்று வைத்துக்கொண்டு, விற்பனையில் 90 சதவீதத்துக்கு மட்டுமே ராயல்டி என்று எழுதினார்கள். பிறகு வினைல் வந்தது. அது அப்படி உடைவதில்லை. விதி மட்டும் அசையாமல் நின்றது. சிடி வந்தபோது அதைப் புதிய தொழில்நுட்பம் என்று வகைப்படுத்தி, அதற்கென்று ராயல்டி விகிதத்தைக் குறைத்தார்கள். உறைக்கும் பெட்டிக்கும் ஆகும் செலவு என்று சிடி விலையில் 25 சதவீதத்தைக் கழிப்பது வழக்கமாயிற்று. ஓர் உறைக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்கும் ஒருநாளும் அவ்வளவு ஆனதில்லை. இணையத்தில் பாட்டைத் தரவிறக்கும் காலம் வந்தபோதும், பழைய ஒப்பந்தங்கள் சிலவற்றில் அந்த உறைக் கழிவு தொடர்ந்தது. உறையே இல்லாத ஒன்றுக்கு உறைச் செலவைக் கலைஞரிடம் பிடித்தார்கள். ஒரு கழிவுக்கான காரணம் செத்த பிறகும் அந்தக் கழிவு உயிரோடிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எழுதியவர்களுக்குத் தெரியாமல் நடந்ததல்ல அது.

இனி ஒரு கணக்கு. எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் கணக்கு ஓடும் முறை சிடி காலத்து ஒப்பந்தங்களில் ஓடிய அதே முறை.

சில்லறை விலை 16 டாலர், ராயல்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கலைஞர் மனக்கணக்கில் ஒரு சிடிக்கு 2.40 டாலர். முதலில் உறைக் கழிவு 25 சதவீதம் போகிறது. ராயல்டி கணக்கிடும் அடிப்படை விலை 12 டாலராகிறது, ராயல்டி 1.80. அடுத்து, கடைக்காரர்களை ஊக்குவிக்க நூறு பிரதிக்குப் பதினைந்து பிரதி இலவசமாகத் தருவதாக ஒரு விதி. அந்தப் பதினைந்துக்கு ராயல்டி கிடையாது. சராசரி 1.53 ஆகிறது. அதன் பிறகு, பதிவை உருவாக்கிய இசைத் தயாரிப்பாளருக்கு மூன்று பாயின்ட், அதாவது மூன்று சதவீதம். ஒப்பந்தத்தில் சொன்ன பதினைந்து எல்லாரையும் உள்ளடக்கியது என்பதால் அவருடைய மூன்றும் கலைஞரின் பங்கிலிருந்தே போகிறது. மீதி ஏறத்தாழ 1.22. காகிதத்தில் 15 என்று இருந்தது, உண்மையில் எட்டு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இதில் எந்தக் கழிவும் ஏமாற்று அல்ல. எல்லாம் கலைஞர் கையெழுத்திட்ட தாளில் எழுதியிருப்பவை.

இந்த 1.22 டாலரும் உடனே கைக்கு வராது என்பதுதான் இதைவிடப் பெரிய விஷயம்.

நிறுவனம் கலைஞருக்கு ஒரு முன்பணம் தந்திருக்கும். அது ஒரு லட்சம் டாலர் என்று கொள்வோம். பதிவுச் செலவு ஒன்றரை லட்சம். காணொளிக்கு ஆன ஒரு லட்சத்தில் பாதி, ஐம்பதாயிரம், கலைஞர் கணக்கில். ஆக மூன்று லட்சம் டாலர் கலைஞர் பெயரில் பற்று, அதாவது பாக்கி, என்று எழுதப்படுகிறது. இதை அவருடைய ராயல்டியிலிருந்து நேர் செய்துகொண்டே வருவார்கள். முழுவதும் நேராகும் வரை அவருக்கு ஒரு காசு வராது. பிரதிக்கு 1.22 வீதம் மூன்று லட்சம் நேராக ஏறத்தாழ 2,45,000 பிரதிகள் போக வேண்டும்.

இப்போது நிறுவனத்தின் பக்கம் போவோம். தயாரிப்பு, விநியோகம், பாடலாசிரியருக்கான தொகை எல்லாம் போக, இலவசப் பிரதிகளையும் சேர்த்துச் சராசரியாக ஒரு பிரதிக்கு ஐந்து டாலர் அதற்கு மிஞ்சுகிறது என்று கொள்வோம். அது போட்ட பணம்: கலைஞர் கணக்கில் எழுதிய மூன்று லட்சம், காணொளியின் மறுபாதி ஐம்பதாயிரம், விளம்பரத்துக்கு மூன்று லட்சம், மொத்தம் ஆறரை லட்சம். இசைத் தயாரிப்பாளரின் பங்கையும் கொடுத்துக்கொண்டே போனால்கூட, 1,40,000 பிரதிகளை எட்டும் முன்பே நிறுவனம் போட்டதை எடுத்துவிடும். கலைஞரின் கணக்கு நேராகும் அந்த 2,45,000-ஆம் பிரதியில் நிறுவனத்தின் லாபம் ஐந்து லட்சம் டாலர். கலைஞருக்கு அன்றுவரை வந்தது அந்த முன்பணம் மட்டும். அதிலும் மேலாளர், வழக்கறிஞர், வரி போக மீதியைக் குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

கணக்கின் சூட்சுமம் இந்த இடத்தில் இருக்கிறது. செலவு முழுத் தொகையாகக் கலைஞர் பெயரில் எழுதப்படுகிறது. வரவு அவருடைய சிறு பங்கிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. மொத்த வருமானத்திலிருந்து செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கிட்டிருந்தால், கலைஞரும் நிறுவனமும் ஏறத்தாழ ஒரே நாளில் லாபத்துக்குள் நுழைந்திருப்பார்கள். சிறிய, சுயேச்சையான நிறுவனங்கள் பல அப்படித்தான் செய்கின்றன. செலவு போக மிஞ்சுவதில் பாதிக்குப் பாதி. அங்கே முன்பணம் சிறியது, சில இடங்களில் இல்லவே இல்லை. ஆனால் வரவும் செலவும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன. நேர்மையான ஏற்பாடு எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

பெரிய நிறுவனங்களின் பதிலும் எனக்குத் தெரியும். வெளியிடும் பதிவுகளில் பெரும்பாலானவை போட்ட பணத்தை எடுப்பதில்லை; தோற்றதற்கான செலவை வெற்றி பெற்றவைதான் தாங்க வேண்டும்; முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை, பதிவு தோற்றால் கலைஞர் தன் வீட்டை விற்க வேண்டியதில்லை. இவை உண்மை. யாரும் நம்பாத ஒரு குரலை நம்பிப் பணம் போடுபவருக்குக் கூடுதல் பங்கு நியாயமே. ஆனால் அந்தத் துணிவுக்கான கூலியைப் பெரிய பங்காகவும், மாஸ்டரின் உரிமையாகவும், அடுத்த ஐந்தாறு தொகுப்புகளை, அதாவது ஆல்பங்களை, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும் விருப்ப உரிமையாகவும் மூன்று முறை வாங்கிக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த விருப்ப உரிமை ஒருவழிப் பாதை. முதல் தொகுப்பு ஓடவில்லை என்றால் நிறுவனம் விலகிக்கொள்ளும். ஓடிவிட்டால் கலைஞர் விலக முடியாது.

ஓர் இளம் பாடகி தன் அரையாண்டு அறிக்கையை எனக்கு அனுப்பியிருந்தார். பக்கம் பக்கமாகக் கட்டங்கள்: நாடு, தளத்தின் பெயர், எண்ணிக்கை, அடிப்படைத் தொகை, விகிதம், சேரும் தொகை. பல வரிகளில் புள்ளிக்குப் பின் மூன்று பூஜ்யம் வந்து, அதன் பிறகுதான் ஓர் எண் தலைகாட்டியது. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான வரிகளைக் கூட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தால் ஐந்தே வரிகள். தொடக்க இருப்பு, இந்த அரையாண்டின் வருவாய், புதிய செலவுகள், நிறுத்திவைத்த தொகை, முடிவு இருப்பு. முதல் வரியிலும் கடைசி வரியிலும் கழித்தல் குறி.

"அக்கா, போன தடவையை விட இந்தத் தடவை பாட்டைக் கேட்டவர்கள் அதிகம். அப்புறம் ஏன் கழித்தல் தொகை கூடியிருக்கிறது?" என்று கேட்டார்.

மூன்றாவது வரியைப் பார்க்கச் சொன்னேன். வெளியார் ஒருவருக்குத் தந்த விளம்பரக் கட்டணம் என்று ஒரு தொகை ஏறியிருந்தது. அந்த அரையாண்டில் அவர் பாடி ஈட்டிய அத்தனையும் அதற்குள் அடங்கிப்போயிருந்தது.

"இதை நான் கேட்கவில்லையே. யார் சம்மதித்தார்கள்?"

ஒப்பந்தத்தைப் புரட்டினோம். விளம்பரச் செலவுகளில் நிறுவனம் தகுந்தது என்று கருதுபவற்றைக் கலைஞர் கணக்கில் எழுதலாம் என்று ஒரு வாக்கியம் இருந்தது. உச்ச வரம்பு இல்லை. முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்றும் இல்லை. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் என் பணத்தில் எனக்கு விளம்பரம் செய்துவிட்டு, என்னிடம் கேட்கவும் வேண்டாமா?" என்றார். வேண்டாம் என்றுதான் அந்த வாக்கியம் சொல்கிறது. அவர் கணக்கை நான் சரிபார்த்தேன். கூட்டலில் ஒரு பிழையும் இல்லை.

நிறுத்திவைத்த தொகை என்ற நான்காவது வரியும் கவனிக்க வேண்டியது. கடைகள் விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பலாம் என்பதால், கலைஞருக்குச் சேர வேண்டியதில் ஒரு பகுதியை இரண்டு ஆண்டு வரைகூடப் பிடித்துவைப்பது வழக்கம். தட்டும் சிடியும் இருந்த நாளில் அதற்குப் பொருள் உண்டு. ஒருவர் கைபேசியில் கேட்டு முடித்த பாட்டை எந்தக் கடையும் திருப்பி அனுப்பாது.

ஒரு தொகுப்பின் பற்றை அடுத்த தொகுப்பின் வரவிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் விதியும் ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். முதல் தொகுப்பு ஒரு லட்சம் பாக்கி, இரண்டாவது தொகுப்பு ஒரு லட்சம் வரவு என்றால் கலைஞருக்குப் பூஜ்யம். 2000-க்குப் பிறகு பரவிய ஒப்பந்த முறையில் மேடைக் கச்சேரி, சட்டை, தொப்பி விற்பனை எல்லாவற்றிலும் நிறுவனம் பங்கு கேட்கத் தொடங்கியது. பதிவில் நேராகாத பற்றைக் கச்சேரி வருமானத்திலிருந்தும் எடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்தால், பாடகர் தன் தொண்டையை வைத்துச் சம்பாதிக்கும் கடைசி வழியும் அந்தக் கணக்குக்குள் போய்விடுகிறது.

டிஎல்சி என்ற அமெரிக்கப் பாடகியர் மூவர் 1995-ல் திவால் மனு கொடுத்தார்கள். அதே சமயத்தில் அவர்களுடைய இரண்டாவது தொகுப்பு பல லட்சங்களாக விற்றுக்கொண்டிருந்தது. அவர்கள் கடனில் ஒரு பகுதி தனிப்பட்ட காரணங்களால் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் உலகம் முழுவதும் தங்கள் குரல் ஒலிக்கும் ஆண்டில் அவர்களால் கடனைத் தீர்க்க முடியவில்லை. கடைசியில் புது விதிகளோடு ஒப்பந்தத்தை மாற்றி எழுதிக்கொண்ட பிறகே மீண்டார்கள்.

ஒரே குழுவுக்குள் ஒருவர் கார் வாங்குகிறார், மற்றவர் வாடகை கொடுக்கத் திணறுகிறார் என்றால் பலரும் அதைக் குணத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் பாடலின் உரிமை. இயற்றியவருக்குப் பிரதிக்கு இவ்வளவு என்று தரப்படும் தொகை, வழக்கமாகக் கலைஞர் கணக்கின் பற்றோடு நேர் செய்யப்படுவதில்லை. முதல் பிரதியிலிருந்தே வரும். அமெரிக்காவில் சட்டம் நிர்ணயித்த அந்தத் தொகை 2006 முதல் 2022 வரை ஒரு பாட்டுக்கு 9.1 சென்ட்டாகவே நின்றிருந்தது. 2023-ல் 12 சென்ட் ஆனது. பன்னிரண்டு பாட்டையும் தானே எழுதிய பாடகருக்கு ஒரு சிடிக்கு ஒரு டாலருக்கு மேல். அதே சிடியில் உயிரைக் கொடுத்து டிரம்ஸ் வாசித்தவர் கணக்கு நேராகும் நாளுக்காகக் காத்திருப்பார். அந்த ஒரு டாலரையும் நிறுவனங்கள் விட்டுவைக்கவில்லை. கலைஞரே எழுதிய பாட்டுக்குச் சட்டம் சொன்னதில் முக்கால் பங்குதான், அதுவும் ஒரு தொகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பாட்டு வரைதான் என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். நான் குழுக்களிடம் முதலில் கேட்பது, பாடல் உரிமையை உங்களுக்குள் எப்படிப் பிரித்திருக்கிறீர்கள் என்பதுதான். அதைப் பேசாமல் பதிவு அறைக்குள் போனவர்கள் பின்னால் பேசாமலேயே பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டை வாங்காமல் இணையத்திலேயே கேட்கும் ஸ்ட்ரீமிங் வந்த பிறகு உறைக் கழிவும் இலவசப் பிரதியும் பொருளிழந்தன. கணக்கு எளிதாகியிருக்க வேண்டும். பொதுவாகச் சந்தா, விளம்பர வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தளம் வைத்துக்கொள்கிறது. ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு 55, பாடல் பக்கத்துக்கு 15 என்பது 2021-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஸ்ட்ரீமிங் பொருளாதாரத்தை ஆராய்ந்தபோது பேசப்பட்ட தோராயமான பங்கீடு. ஒரு முறை கேட்டால் இவ்வளவு காசு என்று நிலையான விலை எதுவும் இல்லை. மாதத்தின் மொத்தப் பணத்தை மொத்தக் கேட்புகளில் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். நான் மாதம் முழுக்க ஒரே பாடகரைக் கேட்டாலும் என் சந்தாவின் பெரும்பகுதி நான் கேட்காதவர்களுக்குப் போகும்.

பாடியவரின் கேள்வி, அந்த 55-ல் எனக்கு எவ்வளவு என்பது. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரிய நிறுவனங்கள் தரும் சராசரி விகிதம் 2012-ல் 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்து 2021-ல் 23 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்திருக்கிறது. முன்னேற்றம்தான். ஆனால் அச்சடிக்கவும் லாரியில் ஏற்றவும் கிடங்கில் வைக்கவும் ஆகும் செலவு அநேகமாக மறைந்துபோன ஒரு தொழிலில், கலைஞரின் பங்கு இவ்வளவுதான் நகர்ந்திருக்கிறது என்பது எனக்குப் போதாமையாகவே படுகிறது.

இந்தப் பங்கீட்டைத் தலைகீழாக்கியிருக்கக்கூடிய ஒரு வழக்கு உண்டு. அமெரிக்க ராப் பாடகர் எமினெமின் தொடக்கக் காலப் பதிவுகளில் பங்கு வைத்திருந்த எஃப்பிடி என்ற தயாரிப்பு நிறுவனம், அவற்றை வெளியிட்ட ஆஃப்டர்மேத் என்ற இசை நிறுவனத்தின் மீது வழக்கு தொடுத்தது. ஒப்பந்தப்படி, விற்ற பதிவுக்கு 12 முதல் 20 சதவீதம். வேறொருவருக்கு உரிமம் கொடுத்தால் வரும் பணத்தில் பாதி. ஆப்பிள் நிறுவனத்தின் இணையக் கடையில் ஒரு பாட்டைத் தரவிறக்கினால் அது விற்பனையா, உரிமமா? நிறுவனம் எதையும் அச்சடிக்கவில்லை, அனுப்பவில்லை. ஒரு கோப்பைக் கொடுத்து, நகலெடுத்துத் தர அனுமதித்தது. 2010-ல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமம்தான் என்று தீர்ப்பளித்தது. பழைய ஒப்பந்தக்காரர்கள் பலர் அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள், பெரிய நிறுவனங்கள் சமரசத்துக்கு வந்தன. புதிய ஒப்பந்தங்களில் டிஜிட்டல் வருமானம் எப்படிக் கணக்கிடப்படும் என்பதை நிறுவனங்கள் தங்களுக்குச் சாதகமாகத் தெளிவாக எழுதிக்கொண்டுவிட்டன. கதவு திறந்தது, சிலர் உள்ளே போனார்கள், மூடிவிட்டார்கள்.

பற்றுக் கணக்கைத் தொடாமல் நேரே கலைஞரிடம் வரும் பணமும் உண்டு. பலருக்கு இது தெரியாமலே போகிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவில், கேட்பவர் பாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாத இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி போன்றவை செலுத்தும் தொகையை சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலிக்கிறது. அதில் பாதி பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, 5 சதவீதம் உடன் வாசித்தவர்களுக்கும் பின்னணி பாடியவர்களுக்கும். கலைஞரின் 45 நேரடியாக அவருக்கே வரும். நிறுவனத்திடம் எத்தனை லட்சம் பற்று இருந்தாலும் அதைத் தொட முடியாது. பதிவு செய்துகொண்டால் போதும். பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் சாதாரண வானொலி ஒலிபரப்புக்கும் இப்படிப்பட்ட உரிமை இருக்கிறது. அமெரிக்காவில் சாதாரண வானொலி பாடியவருக்கு எதுவும் தருவதில்லை; இயற்றியவருக்கு மட்டும் தருகிறது. ஒரு வானொலி நிலையம் பல பத்தாண்டுகளாக ஒரு குரலை வைத்து விளம்பரம் விற்கிறது, அந்தக் குரலுக்குரியவருக்கு ஒன்றும் இல்லை. இதை நியாயப்படுத்தும் வாதம் எதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை.

கணக்கு நேரான பிறகும் மாஸ்டர் நிறுவனத்திடமே இருக்கும். பதிவுச் செலவைக் கலைஞர் தன் ராயல்டியிலிருந்து கடைசிக் காசுவரை கட்டிவிட்டார், ஆனால் அந்தப் பதிவு அவருடையதல்ல. அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 1978 முதல் கொடுத்த உரிமைகளை 35 ஆண்டுகளுக்குப் பிறகு படைத்தவர் திரும்பப் பெறலாம். முதல் வாய்ப்பு 2013-ல் வர வேண்டும். ஆனால் அதற்கு முன்பே, 1999-ல் செயற்கைக்கோள் தொலைக்காட்சி பற்றிய ஒரு சட்டத்தோடு நான்கைந்து சொற்களை ஒட்டி, ஒலிப்பதிவுகளைக் கூலிக்குச் செய்த படைப்புகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கூலிக்குச் செய்ததற்குத் திரும்பப் பெறும் உரிமை கிடையாது. அதை எழுதிய நாடாளுமன்ற ஊழியர் சில மாதங்களில் இசை நிறுவனங்களின் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கலைஞர்கள் திரண்டு எதிர்த்தார்கள். பாடகி ஷெரில் குரோ நாடாளுமன்றக் குழு முன் பேசினார். 2000-ல் அந்தத் திருத்தம் நீக்கப்பட்டது. கலைஞர்கள் சேர்ந்து நின்று வென்ற அரிய தருணங்களில் ஒன்று அது.

அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 1990களில் தன் இசை நிறுவனத்தோடு மோதி, கன்னத்தில் அடிமை என்று எழுதிக்கொண்டு மேடையேறினார். 2014-ல்தான் தன் மாஸ்டர்களின் உரிமையைப் பேசிப் பெற்றார். பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு தொகுப்புகளின் மாஸ்டர்கள் 2019-ல் அவர் விருப்பத்துக்கு மாறாகக் கைமாறின. மீண்டும் பதிவுசெய்யக் கூடாது என்ற ஒப்பந்தத் தடை காலாவதியாகும்வரை காத்திருந்து, 2021 முதல் பழைய தொகுப்புகளைப் புதிதாகப் பாடி வெளியிட்டார். 2025-ல் அசல்களையும் விலைக்கு வாங்கிவிட்டார். அவர் செய்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2018-ல் யுனிவர்சல் இசை நிறுவனத்தோடு கையெழுத்திட்டபோது, ஸ்பாட்டிஃபை என்ற ஸ்ட்ரீமிங் தளத்தில் அது வைத்திருக்கும் பங்குகளை விற்றால் வரும் பணத்தை எல்லாக் கலைஞர்களுக்கும் பகிர வேண்டும், அதைப் பழைய பற்றோடு நேர் செய்யக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். தனக்கு மட்டும் கேட்டிருக்கலாம். எல்லாருக்கும் கேட்டார்.

2021-ல் சோனி மியூசிக் ஓர் அறிவிப்பு செய்தது. 2000-க்கு முன் ஒப்பந்தமாகி, அதன் பிறகு முன்பணம் வாங்காத கலைஞர்களின் நேராகாத பற்றை இனிக் கணக்கில் எடுக்காமல், வரும் ராயல்டியை நேரே கொடுப்போம் என்றது. 2022-ல் வார்னரும் யுனிவர்சலும் அதே வழியில் வந்தன. இருபது, முப்பது ஆண்டுகளாகக் கழித்தல் குறியையே பார்த்துவந்தவர்களுக்கு முதன்முறையாகப் பணம் வரத் தொடங்கியது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு முடிவில் ஒதுக்கிவைக்கக்கூடிய பற்று என்றால், இத்தனை ஆண்டுகள் அது எதற்காகத் தூக்கிச் சுமக்கப்பட்டது? அந்தத் தொகுப்புகளில் பல, நிறுவனத்தின் புத்தகத்தில் எப்போதோ லாபம் கண்டவை. கலைஞரின் புத்தகத்தில் மட்டும் நஷ்டமாகவே நின்றன.

ஆகவே கையெழுத்திடப் போகிறவர்களிடம் சதவீதத்துக்காகப் பேரம் பேசிக் களைத்துவிடாதீர்கள் என்கிறேன். ஒரு பாயின்ட் கூட்டிக் கேட்பதை விட, உங்கள் கணக்கில் எழுதும் ஒவ்வொரு செலவுக்கும் முன்சம்மதம் வேண்டும் என்று கேட்பது பெரிது. ஒரு தொகுப்பின் பற்று அடுத்த தொகுப்புக்குத் தாவக் கூடாது என்று கேளுங்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு மாஸ்டர் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். இன்று பல நிறுவனங்கள் மாஸ்டரை வாங்காமல் சில ஆண்டுகளுக்கு உரிமமாக மட்டும் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கின்றன.

கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமையை யாரும் கேட்காமல் விடக் கூடாது. வழக்கமான ஒப்பந்தத்தில் அறிக்கை வந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஆட்சேபிக்காவிட்டால் அது சரியென்று ஆகிவிடும். தணிக்கைச் செலவு கலைஞருடையது. குறை கண்டுபிடித்தாலும் பேசி முடிக்கும்போது கண்டுபிடித்த தொகை முழுவதும் கிடைப்பது அரிது. அதனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் தணிக்கைச் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த இளம் பாடகியின் ஒப்பந்தத்தில் ஆட்சேபிக்க இன்னும் கெடு இருக்கிறது. விளம்பரக் கட்டணத்துக்கான ரசீதைக் கேட்டு அவர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பதில் வந்ததும் மொத்த அறிக்கைகளையும் முதல் பக்கத்திலிருந்து சேர்ந்து பார்க்கப் போகிறோம்.